ஏழு தினுசு ஷெர்மன்

1982 ஜூன் 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். கத்திரி முடிந்து பத்து நாள் ஆகப்போகிறது, வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வேலைகள்: நாதஸ்வரக்காரரின் மேல் செட், மெழுகில் பல் அடுக்க வேண்டும். பாலிஷ் மோட்டார் பெல்ட். மாவு மெஷின் (வீட்டுக்காரி கிரிஜா மூன்று முறை சொல்லிவிட்டாள்).

பாபு வரவில்லை. எட்டு வருடமாக ஞாயிறு மத்தியானம் கடிகாரக் கடையை மூடிவிட்டு நேராக இங்கேதான் வருவான். வராமல் போனது இரண்டே தடவை. அவன் கல்யாணத்தன்று ஒன்று, அவன் அப்பா, நைனா என்பான், இறந்தபோது ஒன்று. கிரிஜா இரண்டு டீ போட்டுவிட்டாள். இரண்டையும் நானே குடித்தேன். ஆறிப்போன பிறகு.

டாங்கியை மேஜைமேல் எடுத்து வைத்து, தூசி தட்டி, திரும்ப வைத்தேன். பல்செட் கட்டுகிறவன் முப்பத்தொன்பது வயதில் பிளாஸ்டிக் யுத்த டாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் பாபு ஒருத்தன்தான்.

மாலை பஸ் ஸ்டாண்டில் பாபு அகப்பட்டான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணே, பேங்குக்குப் புதுசா ஒரு ஆபீசரு வந்துகீறாரே, வரதராஜன் சாரு, அவர் வூட்டுக்குப் போயிருந்தேன். கடியாரம் ரிப்பேருக்குக் குடுத்திருந்தாரு. குடுக்கலாம்னு போனா, உள்ள அலமாரி முழுக்க டாங்கிண்ணே."

"இன்னா டாங்கி?"

"நம்ம ஷெர்மன்தான். ஏழு கீது."

"ஒரே பொம்மைய யாருனா ஏழு வாங்குவாங்களா?"

"வண்டி ஒண்ணுதான். ஏழும் ஏழு தினுசு."

நம்ம ஷெர்மன் என்றான். அது என் ஷெர்மன்.

ஜூன் 7, திங்கள்

ஒரு கீழ் செட் ஒடிந்து வந்தது. கிழவர் தும்மும்போது சிமென்ட் தரையில் விழுந்ததாம். பள்ளிப்பட்டிலிருந்து துண்டில் முடிந்து கொண்டுவந்தார்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்செட் ஈறுக்குப் போடும் பிங்க் பவுடர் வாங்க மெட்ராஸ் போனபோது பர்மா பஜாரில் வாங்கியது. பெட்டி ஒரு மூலை நசுங்கியிருந்தது. பாகம் பாகமாக ஒட்டிக் கட்ட மூன்று மாதம். இரண்டாம் உலக யுத்தத்து அமெரிக்க டாங்கி, அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு, இரண்டு கைக்குள் அடங்கும். அப்புறம் குடைக் கம்பியை ராவி நீளமாக இன்னொரு பீரங்கி செய்தேன். ஒரு ஞாயிறு குட்டை பீரங்கி, ஒரு ஞாயிறு நீள பீரங்கி, மாற்றி மாற்றி மாட்டுவேன். பாபு வாயைத் திறந்துகொண்டு பார்ப்பான்.

நேற்று வரை இது முழுசாக இருந்தது. ஒன்றுதான் இருந்தது, அதனால் முழுசு. இன்றைக்கு இது ஏழில் ஒன்று.

ஜூன் 9, புதன்

போயே விட்டேன். பாபுவோடு. நானாகக் கேட்கவில்லை. அவன் கூப்பிட்டான். அவன் கூப்பிடும்படி நான் பேசினேன் என்பதும் உண்மை.

சரவணப்பொய்கைக்குப் பக்கத்தில் மாடி வீடு. வரதராஜனுக்கு ஐம்பது இருக்கும். ஒல்லி. மனைவியும் பெண்ணும் கும்பகோணத்தில், பெண் படிப்புக்காக. இவர் மட்டும் இங்கே. தம்பி சிங்கப்பூரில். வருடத்துக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார்.

பெட்டி ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டில்மேல் வைத்தார். பெட்டிப் படங்களில் நினைவில் இருப்பது:

1. சாதாரண ஷெர்மன், என்னிடம் இருப்பது போல
2. நீள பீரங்கி (என் குடைக் கம்பி வெட்கப்பட வேண்டும்)
3. முன்னால் உருளை, உருளை முழுக்கச் சங்கிலிகள். அது சுற்றித் தரையை அடித்துக் கண்ணிவெடியை வெடிக்க வைக்குமாம்
4. மண் தள்ளும் பலகை
5. தலைமேல் ராக்கெட் குழாய்கள், மூங்கில் கட்டு மாதிரி
6. கிரேன், பழுதான டாங்கியை இழுத்து வர

ஏழாவது நினைவில் இல்லை.

பொய். இருக்கிறது. பீரங்கியோடு சுற்றும் தலையே கிடையாது, மேலே திறந்த தொட்டி, தொட்டிக்குள் பெரிய பீரங்கி. ஏழிலும் அதுதான் அழகு. அதனால் எழுத மனசு வரவில்லை.

"அடி வண்டி எல்லாத்துக்கும் ஒண்ணேதான் தணிகாசலம்," என்றார். "அதே சக்கரம், அதே சங்கிலிப் பட்டை. போற எடத்துல என்ன வேலையோ, மேல அதை மாட்டிக்கும். ஒண்ணைப் பாத்தா அது ஒரு டாங்கி. ஏழையும் வரிசையா வெச்சாத்தான் அதைப் பண்ணவனோட மூளை தெரியும்."

இதையே நான் பாபுவுக்கு எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன். தாடை ஒன்று, செட் பல விதம் என்று உதாரணம் காட்டிக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவன் இன்றுதான் முதல் தடவை கேட்பது போல் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொன்று. ஏழில் ஒன்றைக்கூட அவர் ஒட்டவில்லை. பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் அப்படியே, தொழிற்சாலையில் கோத்தபடி. திறந்து காட்டினார், மூடினார். ஒன்றுக்கு அலைந்தவன் நான். ஏழையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார் இவர்.

காபி அவரே போட்டுக் கொடுத்தார். நல்ல காபி. அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 10, வியாழன்

நாதஸ்வரக்காரரின் செட்டில் கோரைப்பற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். வலது இடதில், இடது வலதில். பதினாறு வருடத் தொழிலில் முதல் தடவை. மெழுகில் இருக்கும்போதே கண்ணில் பட்டது, தப்பித்தேன்.

கிரிஜா: "யாரோ வூட்டு அலமாரில பொம்மை இருந்தா உங்களுக்கு ஏன் சோறு எறங்கல?"

சோறு நன்றாகத்தான் இறங்குகிறது என்றேன். தட்டைப் பார்த்தாள்.

ஜூன் 13, ஞாயிறு

பாபு வந்தான். பத்து நிமிஷம். உட்காரவில்லை.

"சாரு என்னைய ஒண்ணு கட்டித் தரச் சொன்னாருண்ணே. அந்தச் சங்கிலி உருளை வண்டி."

"உன்னையா?"

"ஆங். வாட்ச் வேல பாக்குற கையி, நீ கட்டுனா நல்லா வரும்னாரு."

கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "எம்பேரு எதுனா எடுத்தாரா?"

"எடுத்தாரு. அண்ணனுக்குக் கடைல வேல ஜாஸ்தி சார்னு நான்தான் சொன்னேன்."

வேலை ஜாஸ்தி. கடையில் ஈ ஓட்டுகிறேன் என்று அவனுக்குத் தெரியாதா. நல்லெண்ணத்தில் சொன்னானா, அந்த வண்டியைத் தானே கட்ட ஆசைப்பட்டுச் சொன்னானா? அவன் முகத்தைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. இடுக்கி எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் என்னிடம் கற்றவன். பாகத்தைச் சட்டத்திலிருந்து முறுக்காமல் வெட்டி எடுக்க, நகத்தால் பிசிறு தடவிப் பார்க்க, ஒட்டும் முன் சும்மா பொருத்திப் பார்க்க. இப்போது அந்தக் கை வரதராஜன் வீட்டு மேஜைமேல்.

அவன் போன பிறகு டாங்கியை எடுக்கவில்லை.

பெல்ட் இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 15, செவ்வாய்

காலையில் மேகம், பிறகு வழக்கம்போல் வெயில்.

இதை எழுத வேண்டுமா என்று யோசித்து எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குப் பாபு. பெட்டியோடு வந்த பசை இந்தச் சூட்டில் டியூபுக்குள்ளேயே காய்ந்துவிட்டதாம். "உன்னாண்ட ஒரு லிக்விட் இருக்குதே, பல்லுக்குப் போடுறது. அத்த வெச்சித்தானே அப்ப ஒட்டுன?"

ஆமாம். பிங்க் பவுடரில் கலக்கிற லிக்விட். டாங்கி பிளாஸ்டிக்கையும் பிடிக்கும். ஆனால் அது பசை இல்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கிற சாமான். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ் நுனியைத் தொட்டு, பாட்டில் வாயில் வழித்துவிட்டு, இணைப்பின் வெளிப்பக்கம் ஒரு தொடல். உடனே ஊத வேண்டும். ஒரு சொட்டு கூடினால் அந்த இடம் குழைந்து உட்கார்ந்துவிடும். என் வண்டியில் ஒரு மட்கார்டு அப்படிப் போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

"எப்டி வெக்கணும்?"

"பசை மாதிரிதான். நல்லா வை."

நாலு வார்த்தை. அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஜூன் 16, புதன்

அவன் கடை என் கடையிலிருந்து நூறடி இருக்கும். நடுவில் ஒரு பூக்கடை, சைக்கிள் கடை, சாமான் கடை. போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காலையில் நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு நினைத்தேன். நாலு மணிக்குச் செருப்பைக்கூட மாட்டினேன். ஒரு அம்மாள் அளவு கொடுக்க வந்தாள், அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

போகவில்லை.

ஜூன் 18, வெள்ளி

மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் காலையிலேயே. வாசலில் வந்து நின்றது பாபு என்று முதலில் தெரியவில்லை. தெருவில் போகிற யாரோ நிழலுக்கு ஒதுங்கியது போல் நின்றான்.

உருளை வண்டியின் தலை போய்விட்டதாம். பெட்டியில் டரட் என்று போட்டிருக்கும், நாங்கள் தலை என்போம், பீரங்கியோடு சுற்றுகிற மேல் பாகம். இரண்டு பாதியையும் உள்பக்கம் நன்றாக லிக்விட் தடவி ஒட்டியிருக்கிறான். அரை மணியில் கூரை உள்ளே அமுங்கிவிட்டது. பீரங்கிக் குழாய் அடியில் இளகித் தொங்கிவிட்டது. நிமிர்த்தப் பார்க்க, விரல் ரேகையெல்லாம் அதில் பதிந்துவிட்டது.

"சாரு இன்னா சொன்னாரு?"

"திட்டல. பரவால்ல பாபுன்னாரு. கோவிச்சிருந்தா தேவலாம்."

"லிக்விட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"லிக்விட்டு இன்னா பண்ணும். நீ அத்த வெச்சித்தானே கட்டுன. எங்கையிதாண்ணே சரியில்ல. அதிகமா தடவிகினு இருக்குது, எனக்குத் தெரியல." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காத்தால ஒரு லேடீஸ் வாட்ச் பிரிச்சேன். கையி நிக்கல. அப்டியே மூடி வெச்சிட்டேன்."

இனிமேல் அங்கே போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் அதைச் சொன்னபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனால் வந்தது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

ஜூன் 20, ஞாயிறு

வரதராஜன் நேற்று கடைக்கே வந்து கூப்பிட்டிருந்தார். இன்று பத்து மணிக்குப் போனேன். தனியாக.

காபி டம்ளரைக் கொண்டுவரும்போது கவனித்தேன். போன தடவை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்கவில்லை. வலது கையில் டபரா, இடது கை அந்த வலது மணிக்கட்டைப் பிடித்தபடி. டபராவில் டம்ளர் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

"பத்து வருஷமா இப்படித்தான். கையெழுத்துப் போடறதுக்குள்ள போதும்னு ஆயிடும்," என்றார். "தம்பிக்குத் தெரியாது. சின்ன வயசுல நான் பேப்பர்ல கப்பல், ரயில் எல்லாம் பண்ணுவேன். அந்த ஞாபகத்துல அனுப்பிண்டே இருக்கான். எப்படி வந்திருக்குன்னு ஒவ்வொரு லெட்டர்லயும் கேப்பான். அருமையா வந்திருக்குடான்னு எழுதுவேன்."

நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஏழும் எழுந்து நின்னு நான் பாத்ததில்லை தணிகாசலம். பெட்டி மேல இருக்கற படம்தான். பாபு மனசு விட்டுட்டான். மீதியை நீங்க கட்டித் தரேளா?"

இதற்குத்தானே இரண்டு வாரமாக வெந்தேன். பார்க்கலாம் சார் என்றேன்.

குழைந்த தலையைக் காட்டினார். கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். பாபுவின் கட்டைவிரல் ரேகை அதில் தெளிவாக.

மண் தள்ளும் பலகை வண்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார். பெட்டி இப்போது என் மேஜைமேல்.

ஜூன் 21, திங்கள்

பெட்டியைத் திறக்கவில்லை.

மோட்டார் பெல்ட் வாங்கியாயிற்று.

ஜூன் 22, செவ்வாய்

அரக்கோணத்துக்குப் பல் வாங்கப் போனேன். ஸ்டேஷனில் ஒரு சரக்கு வண்டி நின்றது, தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள், ஆவடியிலிருந்து வருவதாக இருக்கும். மற்ற நாளாக இருந்தால் ரயிலை விட்டாலும் விடுவேன், அவற்றை எண்ணாமல் வரமாட்டேன். பாபுவிடம் வந்து சொல்வதற்காக. இன்று பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கிரிஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை ஓயவில்லை. முடித்ததும் கேட்டாள்:

"இத்த ஏன் என்னாண்ட சொல்றீங்க? எனக்கா கையி நிக்கல?"

அப்புறம் அடுப்படிக்குப் போனாள். குழம்பு வைத்தாள், சாப்பிட்டோம். திட்டியிருக்கலாம்.

ஜூன் 23, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. பாபு கடையில் ஆள் இல்லை. கண்ணில் லென்ஸ். முன்னால் ஒரு டைம்பீஸ், பெரிய சாமான். கைக்கடிகாரம் ஒன்றுகூட மேஜைமேல் இல்லை. ரிப்பேருக்கு வந்ததையெல்லாம் சோளிங்கரில் ஒருத்தருக்கு அனுப்புகிறானாம்.

நின்றுகொண்டே சொன்னேன். லிக்விட் எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. உன் கையில் ஒன்றுமில்லை.

லென்ஸை எடுக்காமலே நிமிர்ந்தான். ஒரு கண் கறுப்பாக, ஒரு கண் என்னைப் பார்த்து.

"தெரிஞ்சா குடுத்தே?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"அவரு உன்னைக் கேட்டாரு. என்னைக் கேக்கல."

டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேலூருக்கு டாக்டராண்ட போறதுக்கு நாளைக்கு பஸ் ஏற இருந்தேன். நரம்பு வியாதின்னு எம்பொண்டாட்டி அழுதுகினு கீறா. எங்க நைனாக்குக் கடைசில கையி இப்டித்தான் ஆச்சி, தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். பாடையைத் தூக்கினவர்களில் நானும் ஒருத்தன்.

"எனக்கு வேல ஜாஸ்தின்னு அவராண்ட ஏன் சொன்னே?" என்று கேட்டேன். எதற்கு அந்த நேரத்தில் அதைக் கேட்டேனோ.

"எனக்கும் ஒண்ணு கட்டணும்னு ஆசை. எட்டு வருசமா உன்னுதத் தொட்டுப் பாத்துகினே இருந்தேன். அதான் சொன்னேன்." லென்ஸை எடுத்து வைத்தான். "போ."

போண்ணே என்று சொல்லவில்லை. போ.

ஜூன் 25, வெள்ளி

குழைந்த தலைக்குப் பதில் ஒன்று செய்கிறேன். என் டாங்கியின் தலைக்கு வாய் அளவு எடுக்கும் பொடியில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, பிங்க் பவுடரும் லிக்விடும் கலந்து அழுத்தினேன். தாடைக்குச் செய்வதை டாங்கிக்கு.

முதல் தலை: உள்ளே காற்றுக் குமிழி. உடைந்தது.
இரண்டாவது: ஒரு பக்கம் கனம். பல் ஈறு மாதிரி வழவழப்பு. ஆணித் தலைகள் ஒன்றுகூட விழவில்லை. மூடியின் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு பரு.
மூன்றாவது: அளவு சரி. ஆனால் பார்த்தால் பல்செட்.

பெயின்ட் அடித்தால் மறையும் என்று பார்த்தேன். பச்சைக்குள்ளிருந்து பிங்க் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரிகிறதோ என்னவோ.

ஜூன் 26, சனி

என் டாங்கியின் தலையைக் கழற்றினேன். எட்டு வருடப் பெயின்ட்டைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட, அதைக் கட்டின நாட்கள் பிரஷ் அடி பிரஷ் அடியாக வந்தன. மழைக்காலத்தில் காயாமல் ஒட்டிய இடம். பாபு விரல் வைத்துப் பார்த்து ரேகை விழுந்த இடம்.

மலைக் கோயில் மணி கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. கிரிஜா தட்டைக் கொண்டுவந்து கடை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 27, ஞாயிறு

வரதராஜன் வீடு. பலகை வண்டிப் பெட்டியைத் திறக்காமலே திருப்பி வைத்தேன். என் டாங்கியின் தலையை அதன்மேல் வைத்தேன். உருளை வண்டியின் உடம்பில் பொருத்திப் பார்த்தேன். அடி வளையம் ஒரு நூல் பெரிது. உப்புத்தாளில் அங்கேயே தேய்த்தேன், உட்கார்ந்தது.

பிறகு சொன்னேன். பாபுவிடம் சொன்னதையே. இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வரதராஜன் கையை மடிக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"பொம்மை போனாப் போறது," என்றார். "தலை போன அன்னிக்கு அவன் இங்க உக்காந்து கையைக் காட்டி, 'உங்கள மாதிரி எனக்கும் ஆயிடுச்சி சார்'னு சொன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். பழகிடும்னு சொன்னேன் தணிகாசலம். வியாதி இல்லாதவனுக்கு."

உப்புத்தாளை மடித்துப் பையில் போட்டேன்.

"தலையை வெச்சுட்டுப் போங்கோ."

காபி கொடுக்கவில்லை. படியிறங்கும்போது பொய்கையில் யாரோ குளித்துக்கொண்டு சத்தமாகப் பேசினார்கள்: "இந்த வருசம் மழை ஊரையே தூக்கினு போயிடப் போவுது பாரு." மேலே ஒரு மேகமில்லை.

ஜூன் 30, புதன்

மழை. நிஜமாகவே. அரை மணி நேரம், கடை வாசல் வரை தண்ணீர்.

நாதஸ்வரக்காரர் செட் வாங்கிக்கொண்டு போனார். கடையிலேயே வாசித்துக் காட்டினார். சீவாளி உதட்டில் நன்றாக நின்றது, செட் ஆடவில்லை. பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள்.

பாபு கடை திறந்திருந்தது. எதிர்ப்புறமாக நடந்து போனேன். மேஜைமேல் சின்னதாக ஏதோ மின்னியது. லேடீஸ் வாட்சாக இருக்கும். அவன் குனிந்திருந்தான். கை நின்றதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. சரியாகப் பார்க்க ஒரு தடவை திரும்பியும் நடந்தேன்.

ஜூலை 2, வெள்ளி

தலையில்லாத டாங்கியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவது தலையை, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பிங்க்காகவே மாட்டினேன். கிரிஜா பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பல வாரம் கழித்து.

"இது இன்னா தினுசு?"

பல்லு தினுசு என்றேன்.

ஜூலை 4, ஞாயிறு

வெயில், காற்று. காலையில் ஒரு செட் டெலிவரி, அம்மையார்குப்பம். கடித்தால் சத்தம் வருகிறது என்றார் வாங்க வந்தவர். எதிரே உட்கார்ந்து முறுக்கு கடிக்கச் சொன்னேன். சத்தம் முறுக்கில்தான்.

மூன்று மணிக்கு வாசலில் சைக்கிள். பாபு. கையில் துணிப்பை, பைக்குள் இரண்டு பெட்டி. மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் தட்டை நகர்த்திப் பெட்டிகளை வைத்தான். மண் தள்ளும் பலகை. அப்புறம், தலையில்லாத அந்தத் தொட்டி வண்டி.

"சாரு குடுத்தாரு. ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்து கட்டணுமாம். அப்பத்தான் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு இருப்போமாம்."

"நீ வரணும்னு இல்லியே."

"அவரு சொன்னாரு. வந்தேன்." ஸ்டூலை இழுத்தான். பிங்க் தலையைப் பார்த்தான். ஒரு விரலால் அதைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். சுற்றியது.

"உங்கையி?" என்றேன்.

"நல்லாத்தான் கீது. புதன்கெழம ரெண்டு வாட்ச் முடிச்சேன். நீ ரெண்டு தபா எங்கடைய தாண்டிப் போனியே, அன்னிக்கு."

கிரிஜா டீ கொண்டுவந்தாள். இரண்டு. அவனைக் கேட்காமலே சர்க்கரை கூடப் போட்டிருந்தாள்.

பலகை வண்டியைத் திறந்தோம். முதலில் சக்கரங்கள். அவன் ஒன்றை முறுக்காமல் வெட்டி எடுத்து, பிசிறு ராவி, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தான். என் லிக்விட் பாட்டிலைக் காட்டி, "இப்பனா சொல்லு, எவ்ளோ வெக்கணும்?" என்றான்.

சொன்னேன். எல்லாவற்றையும். பிரஷ் நுனி, பாட்டில் வாயில் வழிப்பது, வெளிப்பக்கம் ஒரே தொடல், ஊதுவது. செய்தும் காட்டினேன், உடைந்த துண்டு ஒன்றில். இரண்டு தடவை.

வாங்கிச் செய்தான். தொட்டான், ஊதினான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தோம். இணைப்பே தெரியவில்லை. நான் ஒட்டினதில் மயிரிழைக் கோடு ஒன்று எப்போதும் தெரியும். அவனுக்கு முதல் சக்கரத்திலேயே தெரியவில்லை.

சக்கரத்தைத் தட்டில் வைத்தேன்.

"டேய் பாபு. எனக்கு வயிறு எரியுதுடா."

அவன் தலை நிமிரவில்லை.

"எரியட்டும். அடுத்த சக்கரத்த எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு சக்கரம்.